பாதி மூச்சு

எனக்கு எட்டு வயதில் மூச்சிளைப்பு வந்தது. எண்பதுகளின் தொடக்கம். எங்கள் வீடு ராஜபாளையத்தில், பஞ்சு மில்லின் மதிலை ஒட்டி. அம்மாவுக்கு அந்த மில்லில்தான் வேலை. ஷிப்டு முடிந்து வந்தால் தலையெல்லாம் பஞ்சாக இருக்கும். அந்தத் தூசி எனக்கு ஆகாது என்று, வத்திராயிருப்பில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

மாதம் ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டரிடம் காட்ட வேண்டும். சித்தி என்னைக் கூட்டி வருவாள். அம்மா ராஜபாளையத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவாள். அன்றைக்கு மட்டும் தலைக்குக் குளித்து, துவைத்த சேலை கட்டியிருப்பாள். மடியில் படுத்தால் சீயக்காய் மணக்கும். அந்த ஒரு நாளுக்காக மற்ற நாளெல்லாம் காத்துக் கிடப்பேன்.

டாக்டரிடம் ஒரு குழாய் இருந்தது. ஊதினால் அதில் ஒரு முள் நகரும். முதலில் ஊத வேண்டும். பிறகு ஆஸ்பத்திரி நடையில் வேர்க்க வேர்க்க ஓடிவிட்டு, செத்த நேரம் உட்கார்ந்து, மறுபடி ஊத வேண்டும். ஓடியபின் முள் குறைந்தால் மூச்சுக்குழாய் இன்னும் சுருங்குகிறது என்று அர்த்தமாம்.

"ஒம் மூச்சுக்குழா ரோசக்காரிம்மா. லேசாச் சீண்டினாலும் சுருங்கிக்கிடுறா" என்பார்.

ஒரு தடவை நர்ஸம்மா என் கன்னத்தைக் கிள்ளி, "ஓடிட்டு வந்தும் நல்லா ஊதிட்டேன்னா, இனி இங்க வரவே வேண்டாம்" என்றார்.

எனக்குப் பகீரென்றது. வராவிட்டால் அம்மாவை எப்படிப் பார்ப்பது?

ஓடிவிட்டு வந்தேன். நெஞ்சு லேசாகத்தான் இருந்தது. ஆனாலும் பாதி மூச்சை உள்ளேயே பிடித்துக்கொண்டு ஊதினேன். முள் பாதியில் நின்றது.

"ஏட்டி, மூணு தட்டு சோறு திங்கத் தெரியுது, ஒரு ஊது ஊதத் தெரியலியாக்கும்?" என்றாள் சித்தி.

"ரோசம் இன்னும் போகலியே. அடுத்த மாசமும் வரட்டும்" என்றார் டாக்டர். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

"இன்னும் எம்புட்டு நாளாகும் சார்?" என்று அம்மா கேட்டது காதில் விழுந்தது. அவர் என்ன சொன்னார் என்று நான் கவனிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில், "அடுத்த மாசமும் வருவேல்லம்மா?" என்றேன்.

"வாரேன்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். கையிலிருந்த வெறும் துணிப்பையை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஓடியும் முள் குறையாவிட்டால் வீட்டுக்கே கூட்டிப்போகலாம் என்று டாக்டர் முந்தின மாதமே சொல்லியிருந்தாராம். அம்மா மில்லுக்குத் தள்ளி வேறு வீடு பார்த்து, என் துணிமணிகளை எடுத்துப்போகப் பையோடு வந்திருந்தாளாம். சித்தி இதைச் சொன்னபோது எனக்குக் கல்யாணமே ஆகியிருந்தது.

அப்போது அதெல்லாம் தெரியாது. அடுத்த மாதமும் பாதி மூச்சே ஊதினேன்.