நாலாவது சாப்டரை யார் படித்தது?

போன வியாழக்கிழமை, தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வைத்து என் மானம் போனது. முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி ஸ்டெல்லா கல்லூரி ஆசிரியை. ஏழு வருடமாகப் பார்ட் டைம் பிஎச்.டி. நம் உடம்புக்குள் இருக்கும் புரதம் எப்படி மடிகிறது, மடிந்த பிறகு அதன் வடிவம் என்ன - இதுதான் ஆராய்ச்சி. வீட்டில் துணி மடிப்பது நான்.

அன்று மாலை நான்கு மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் பதிவே ரத்து. பைண்டிங் பசை காய வேண்டுமே... இரும்புலியூரிலிருந்து கிளம்பி, கடை திறக்கும்போதே போய் நின்றோம்.

கையில் ஒரு ஸ்பைரல் காப்பி. போன மாதம் அதே கடையில் போட்டது. அதைப் பார்த்துவிட்டு கைடு ஒரு பேப்பரில் எழுதிக் கொடுத்திருந்தார்: 'நான்காம் அத்தியாயம் மிக நன்று. இன்னும் விரிவாக்கலாம்.' ஸ்டெல்லா மூன்று நாள் லீவு போட்டு, பத்துப் பக்கம் சேர்த்தாள். நானும் அந்தக் காப்பியை வாங்கி, "படிச்சேன், சூப்பர்" என்று சொல்லியிருந்தேன்.

கலர் பக்கங்களை எண்ணுவதற்காகக் கடைக்கார அக்கா ஸ்பைரலைப் புரட்டினார். பாதியில் கை நின்றது.

"இன்னா மேடம் இது? மூணாவது சாப்டர் வரைக்கும் ரிப்பன் சுத்தினா மாதிரி படம் வருது. நாலாவதுல கேம்ல கத்தி விக்கிறாங்க?"

ஸ்டெல்லா வாங்கிப் பார்த்தாள். கத்திதான். ஆன்லைன் விளையாட்டில், கையால் தொடவே முடியாத ஒரு கத்தியை ஜனங்கள் ஏன் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று முப்பது பக்கம்.

"அப்ப, தன்னோட காப்பில வேற யாரோ சாப்டர் இருக்குன்னு அந்தத் தம்பி சொன்னது உங்களுதுதான். பிரிண்ட் போட்டப்போ கட்டு மாறிகீது" என்று அக்கா மூலையைக் காட்டினார். அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் கார்த்திக் என்ற இளைஞர். கோவிலம்பாக்கம். டிஜிட்டல் பொருட்களின் பொருளாதாரத்தில் ஆராய்ச்சி. அவரும் பைண்டிங்குக்குத்தான் வந்திருந்தார்.

"பைல் சரியாத்தானே இருக்கு? பிரிண்ட் போட்டா முடிஞ்சுது" என்றேன் நான், பெரிய மனிதனாக.

ஸ்டெல்லா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "சார் மிக நன்றுன்னு எழுதினது இந்தக் கத்தியையா? அப்ப நான் செஞ்சதை ஒருத்தர்கூடப் படிக்கலையா?" கண் கலங்கிவிட்டது.  நான் ஸ்பைரலை மெதுவாக மூடி வைத்தேன்.

"நான் படிச்சேன் மேடம்" என்றார் கார்த்திக். "முழுசா. பாதி புரியலை. ஆனா நூத்திப் பதினேழாம் பக்கத்துப் படமும் நூத்தி இருபத்தோராம் பக்கத்துப் படமும் ஒண்ணுதான். கீழ பேர் மட்டும் வேற."

ஸ்டெல்லா லேப்டாப்பைத் திறந்தாள். ஆமாம்! ஒரே படம் இரண்டு முறை. அப்படியே போயிருந்தால் வைவா வாய்மொழித் தேர்வில் கிழித்திருப்பார்கள். அங்கேயே உட்கார்ந்து சரி செய்தாள்.

நிம்மதி வந்ததும் கார்த்திக்கிடம் அவர் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டேன். "டிஜிட்டல் பொருளை ஒரு தடவை செஞ்சா போதும் சார். அதுக்கப்புறம் காப்பி எடுக்கச் செலவே இல்லை."

"யாரு சொன்னது? கலர் பக்கம் பத்து ரூபா" என்றார் அக்கா, மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

காப்பி எடுப்பது எத்தனை மலிவானாலும், உட்கார்ந்து படிக்க ஓர் ஆள் வேண்டுமே... அவரை எந்த மெஷினில் போட்டு எடுப்பது?

நான் இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க படிச்சேன்னு சொன்னீங்களே... கத்தி வந்தது தெரியலையா?"

நான் கடை ஃபேனைப் பார்த்தேன். நன்றாகச் சுற்றியது.

"அக்கா, நன்றியுரைப் பக்கம் மட்டும் மாத்தணும்" என்றாள்.

மூன்றே முக்காலுக்குக் கொடுத்துவிட்டோம். 'ஒவ்வொரு வரியையும் பொறுமையாகப் படித்த' என்பதற்குப் பின்னால், என் பெயர் இருந்த இடத்தில், இப்போது கார்த்திக் இருக்கிறார். நானும் இருக்கிறேன், கடைசி வரியில் - ஆய்வேட்டைத் தூக்கி வந்ததற்காக.