குழாயின் இரண்டாவது கோடு

என் மனைவி வாயைத் திறந்தால் முன்பெல்லாம் மூன்று விரல் நுழையும். போன ஐப்பசியில் இரண்டுதான் நுழைந்தது. நானே அளந்தேன். முப்பத்திரண்டு வருடம் வாய்க்கால் மதகுகளில் தண்ணீர் மட்டம் குறித்த உத்தியோகம். அளக்காமல் இருக்க வரவில்லை. ஒரு நாளைக்குப் பதினொரு தடவை வெற்றிலையும் புகையிலையும் போடுவாள். எரிகிறது என்று ரசத்தையும் விட்டுவிட்டாள். கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு திட்டு. டாக்டரிடம் காட்ட மாட்டேன் என்று பிடிவாதம்.

"காட்டினா கத்திய எடுப்பாங்க."

அப்போதுதான் நெல் கொள்முதல் நிலையத்தின் கொட்டகையில் முகாம் போட்டார்கள். எச்சிலைச் சோதித்து வாய்ப் புற்றின் அறிகுறி இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். சந்தேகம் வந்தால் பிறகு சதை எடுத்துப் பார்க்க வேண்டும். துப்பினால் போதும் என்றதும் சம்மதித்தாள். அவள் சம்மதித்தது அது ஒன்றுக்குத்தான்.

துப்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பிருந்தே வாயில் எதுவும் போடக் கூடாது. அவளுடைய சுருக்குப்பையை வாங்கி வைத்துக்கொண்டு தொண்ணூறு நிமிடமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்த பெண் ஒரு சின்னக் குழாயைக் கொடுத்தாள்.

"ரெண்டாவது கோடு வரைக்கும் வேணும் பாட்டி. மெதுவாத் துப்புங்க."

முதல் கோட்டையே எட்டவில்லை.

"எந்நேரமும் துப்பிக்கிட்டேதான கெடப்பே? இன்னைக்கு என்ன வந்துச்சு?"

"வெறும் வாயில எப்படிங்க ஊறும்? நீங்க துப்புங்க பாப்போம்."

முகாம் நான்கு மணி வரை. மூன்று நாற்பது ஆகிவிட்டது. அவள் முந்தானையை உதறி எழுந்திருக்கப் பார்த்தாள். எழுந்தால் இன்னொரு முறை உட்கார மாட்டாள். பையிலிருந்து ஒரு பாக்குச் சீவலை, ஒன்றே ஒன்றை, எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"அடக்கிக்க. எச்சி ஊறினதும் இத எடுத்துடு."

மூன்றாவது கோடு வரை நிறைந்தது. செம்பழுப்பு நிறம்.

அந்தப் பெண் குழாயைச் சாய்த்துப் பார்த்தாள். "பாக்கு போட்டீங்களா பாட்டி?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"இது செல்லாதுங்க ஐயா. நாளைக்கே தஞ்சாவூருக்குக் கூட்டிட்டு வாங்க. டாக்டர் வாயையும் பாக்கட்டும்."

"ஊரு முன்னாடி ஒரு தரம் துப்பினதே போதும்" என்று வீட்டுக்கு நடந்தாள். வாசலில் சுருக்குப்பைக்குக் கை நீட்டினாள். கொடுத்துவிட்டேன். அதன்பின் நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் பாக்கைப் பற்றிப் பேச வேண்டிவரும்.

மாசியில் கன்னம் புண்ணாகி உடைந்த பிறகுதான் தஞ்சாவூருக்குப் போனோம். எத்தனை நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். முகாமிலிருந்து நூற்றுப் பதினேழு நாள் என்றேன். சதை எடுத்துப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். கழுத்து வரை பரவிவிட்டது, இனி வலிக்குத்தான் மருந்து என்றார்.

இப்போது ஒரு விரல்கூட நுழைவதில்லை. எச்சில் தானாகவே ஒழுகுகிறது. இன்று மதியத்துக்குள் ஒன்பது துணி. துடைக்கும்போது, பல்லைப் பிரிக்காமலே ஏதோ சொன்னாள். காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"இப்ப கொண்டாரச் சொல்லுங்க, அந்தக் குழாய."

சிரித்தாளா என்று தெரியவில்லை; அந்தப் பக்கக் கன்னம் அசைவதில்லை. பத்தாவது துணியை எடுத்தேன்.