எண்ணிக்கை வெட்டப்பட்ட பாட்டு

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் வலன்ரைன் அங்கிளை வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. அவருடைய பாட்டைத் தெரியாதவர்கள்தான் கொழும்பில் குறைவு.

1978இல் அவரும் சிநேகிதர்களும் ‘கினி கோச்சிய’ என்று ஒரு சிங்கள ஹார்ட் ரொக் பாட்டை இசைத்தட்டாக வெளியிட்டார்கள். நெருப்பு ரயில் என்று அர்த்தம். கிற்றார் அடித்துப் பாடியவர் அங்கிள். ட்ரம்ஸ் அடித்தவர் ஜாபிர். அங்கிள் ‘ஒண்டு, ரெண்டு, மூண்டு’ என்று எண்ணாவிட்டால் ஜாபிருக்குக் கை எழும்பாது. பதிவு செய்தபோது அந்த எண்ணிக்கையை வெட்ட மறந்துபோனார்கள். பாட்டில் சனத்துக்கு அதுதான் பிடித்துப்போனது. கிரிக்கெற் மட்ச்களில் சிங்களப் பெடியன்களே அதைத் தமிழில் கத்திவிட்டுத்தான் ஆடத் தொடங்குவார்களாம்.

எண்பத்துமூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு வந்த கசற்றுகளில் எண்ணிக்கை இல்லை. யார் வெட்டியது என்று அங்கிள் கேட்கவில்லை. பாட்டு மட்டும் பஸ்களிலும் கல்யாணங்களிலும் ஓடியது. பிறகு நெருப்புப்பெட்டி விளம்பரத்தில் வந்தது. கடைசியில் கைத்தொலைபேசிகளுக்குள் போனது. பாடியவர் யாரென்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. அவர் மீன் சந்தையில் ஐஸ் விற்றார், ஞாயிறுகளில் மாதா கோயில் பாடகர் குழுவை நடத்தினார்.

2007இல் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் பொலிஸ் தமிழரைத் தேடி நடத்திய சுற்றிவளைப்பில் அவருடைய மகன் எட்வின் பிடிபட்டான். போன் திருத்திக் கொடுக்கப் போனவன். மறுநாள் காலை அங்கிளும் அவருடைய மனைவி யோசெப்பின் அன்ரியும் பொலிசுக்குப் போனார்கள். துணைக்கு நானும் போனேன்.

“இஞ்ச பாருங்க, உள்ள போய் ஒரு சொல்லுத் தமிழ் வாயில வரக்கூடாது,” என்றார் அன்ரி.

“சரியப்பா. எத்தின தரம் சொல்லுவீர்?”

பொறுப்பதிகாரி எங்களை மேசைக்கு முன்னால் நிற்க வைத்திருந்தபோது அவருடைய போன் அடித்தது. ‘கினி கோச்சிய’. அவர் கதைத்து முடித்ததும் அங்கிள் சிங்களத்தில் சொன்னார்: “சேர், அது என்ர பாட்டு.”

அதிகாரி சிரித்தார். அவரும் சிங்களத்தில்தான் கதைத்தார். “அப்ப பெரஹரா ஊர்வலத்தில போற யானை நான்தான்! டேய், இஞ்ச வாங்கோடா, பாட்டுக்காரர் வந்திருக்கிறார்.” இரண்டு கொன்ஸ்டபிள்கள் வந்தார்கள். “பாடு பாப்பம். குரல் சரியெண்டா மகனைக் கூட்டிக்கொண்டு போ.”

அங்கிள் கண்ணை மூடினார். முப்பது வருஷப் பழக்கம். விரல் மேசையில் தட்ட, வாய் தானாக எண்ணியது.

“ஒண்டு, ரெண்டு, மூண்டு.”

அன்ரி அவருடைய கையைப் பிடித்தார். அதற்குள், பின்னால் இருந்த அறைக்குள்ளிருந்து கம்பியில் அடிக்கும் சத்தம் கேட்டது. ஜாபிர் ட்ரம்ஸைத் தொடங்கும் அதே அடி. எட்வின் சின்ன வயதிலிருந்து வீட்டில் தகப்பனோடு சேர்ந்து சட்டியில் அடித்துப் பழகியது.

ஒருவரும் சிரிக்கவில்லை.

“இப்ப தமிழில என்ன சொன்னாய்?” என்று அதிகாரி கேட்டார்.

“பாட்டின்ர தொடக்கம், சேர். ஒண்டு, ரெண்டு எண்டு எண்ணினது. பழைய இசைத்தட்டில இருக்கு.”

அதிகாரி போனை எடுத்துப் பாட்டை முதலிலிருந்து போட்டார். கிற்றாரோடு நேராகத் தொடங்கியது. “எங்க? இதில இல்லையே. நீ இஞ்ச சொல்லுறாய், அவன் உள்ள இருந்து தட்டுறான். என்ன சைகை அது?”

அங்கிள் பாடத் தொடங்கினார். இந்தத் தடவை எண்ணாமல். குரல் அதே குரல்தான், ஒரு கொன்ஸ்டபிள் வாயைத் திறந்தபடி பார்த்தான். ஆனால் அதிகாரி எழும்பிப் பின்னறைக்குப் போய்விட்டார்.

அன்று பின்னேரமே எட்வினை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். எங்கே என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

அங்கிள் இப்போதும் ஞாயிறுகளில் கோயிலுக்கு வருகிறார். பாட்டுத் தொடங்கும்போது எண்ணுவதில்லை, தலையை மட்டும் அசைக்கிறார். குழு ஆளுக்கொரு நேரத்தில் தொடங்குகிறது. எண்ணச் சொல்லி ஒருவரும் அவரைக் கேட்பதில்லை.