காகித வாய் மீனும் ஒரு பரோலும்

இந்த ஊரில் மீன் பிடிப்பவன் அளவுகோலோடு ஏரிக்குப் போகிறான். பிடித்ததை அளந்து, பத்து அங்குலத்துக்கு ஒரு நூல் குறைந்தாலும் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறான். முப்பத்திரண்டு வருடம் சார்பதிவாளராக இருந்த எனக்கு அமெரிக்காவில் முதன்முதலாகப் புரிந்த விஷயம் அதுதான்.

மீனின் பெயர் கிராப்பி. மகன் வீடு இருக்கும் பேர்லேண்டில் காலை நடையின்போது பழக்கமான ஏர்ல் என்ற ஓய்வுபெற்ற வெல்டர்தான் அதை எனக்கு அறிமுகம் செய்தார். வெள்ளி உடம்பு, கறுப்புப் புள்ளிகள். வாய் அத்தனை மெல்லிசு. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடும். அதனால் 'காகித வாய்' என்று பட்டப்பெயர். காகிதத்திலேயே காலம் தள்ளியவனுக்கு ஏற்ற மீன். ஏர்லிடம் இரண்டு கயாக்குகள் இருந்தன. ஒரே ஆள் காலை நீட்டி உட்காரும் ஒல்லிப் படகு. தும்மினால் கவிழும் என்று பயந்தேன், கவிழவில்லை. லைசென்ஸ் எடுத்து, விதிப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை படித்த பிறகே ஏறினேன். எங்களுடையது சைவ வீடு, பிடிப்பதெல்லாம் ஏர்லுக்கே. நான் போனது மீனுக்காக அல்ல. வீட்டில் மனைவி கோமதி என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

சங்கரன்கோவிலில் அவள் தங்கை படுத்த படுக்கையாகிவிட்டதாகப் போன் வந்திருந்தது. எங்கள் கிரீன் கார்டு மனு நிலுவையில் இருந்தது. அனுமதிக் கடிதம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போனால் மனுவைக் கைவிட்டதாகப் பொருள். அந்தக் கடிதத்துக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் அட்வான்ஸ் பரோல். நம் ஊரில் பரோல் ஆயுள் கைதிக்குக் கொடுப்பது.

"அம்மா போகட்டும்பா. திரும்ப அப்ளை பண்ணிக்கலாம்" என்றான் மகன். நான்தான் கூடாது என்றேன். மரணப் படுக்கையில் எழுதிய உயிலையே இரண்டாவது சாட்சி இல்லையென்று திருப்பி அனுப்பியவன் நான்.

"உங்க காயிதம் வார வரைக்கும் அவ உசுரு தாங்குமாக்கும்?" என்றாள் கோமதி. "எப்பவும் சட்டந்தான் பேசுதிய." பெட்டியைக் கட்டிக் கதவோரம் வைத்தாள். அதோடு பேச்சு நின்றது.

"ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று ஏரி நடுவில் ஏர்ல் கேட்டார். மனைவியின் பரோலுக்குக் காத்திருக்கிறோம் என்றேன். துடுப்பு நின்றது.

"அவங்க என்ன பண்ணாங்க?"

"தங்கச்சியைப் பாக்கணும்னாங்க."

கோமதியை அவர் பார்த்ததே இல்லை. சிறையில் இருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். துடுப்பை மடிமேல் வைத்துக்கொண்டு, "என் பையனும் உள்ளேதான் இருக்கான். பரோலை ரெண்டு தடவை மறுத்துட்டாங்க. நீங்க உட்கார்ந்திருக்கிறது அவன் படகு" என்றார். அவர் புரிந்துகொண்டதை நான் திருத்தவில்லை. திருத்துவதற்கு என்ன இருந்தது?

கடிதத்துக்கு விண்ணப்பித்த ஐந்தாவது வாரம் தங்கை போய்விட்டாள். ஏழாவது வாரம் கடிதம் வந்தது. முத்திரை, கையெழுத்து, புகைப்படம், ஒன்றிலும் குறையில்லை. கோமதி வாங்கி இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தாள்.

"இனி அங்க யாரைப் பாக்க?"

அந்தச் சனிக்கிழமையும் ஏரிக்குப் போனேன். ஜனவரிக் குளிரில் கிராப்பி ஆழத்துக்கு இறங்கிவிடும். முப்பதடியிலிருந்து ஒன்றை, வாய் கிழியாமல், முறைப்படி மேலே கொண்டுவந்தேன். ஒன்பதரை அங்குலம். தண்ணீரில் விட்டேன். அது இறங்கவில்லை. வயிறு உப்பி, கண் பிதுங்கி, மல்லாந்து மிதந்தபடி வாலை அடித்துக்கொண்டிருந்தது.

"ஆழத்துலேர்ந்து வந்தது. இனிமே அதால கீழே போக முடியாது" என்றார் ஏர்ல். "கிடந்து சாகும். எடுத்துப் படகுல போடுங்க, யார் பாக்கப்போறா?"

"அரை அங்குலம் குறையுது" என்றேன்.

அவர் மீனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் கயாக்கைத் திருப்பினேன். வால் அடிக்கும் சத்தம் கொஞ்ச தூரம் வரை கேட்டது.

கிரீன் கார்டு வந்துவிட்டது. ஊரிலிருந்து யாராவது போனில் "செட்டில் ஆயாச்சா?" என்று கேட்டால், ஆயாச்சு என்கிறேன். மகன் கோமதிக்கென்று ஒழித்துக் கொடுத்த அலமாரி காலியாகத்தான் இருக்கிறது. தினமும் காலையில் கதவோரம் குனிந்து பெட்டியிலிருந்து ஒரு சேலை எடுக்கிறாள். நேற்றைய சேலையைத் துவைத்து மடித்து அதிலேயே வைக்கிறாள். பிறகு பெட்டியைப் பூட்டுகிறாள்.