நான் சொன்னது ஆறுதல் இல்லை

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அப்போது நான் ஒரு டிவி சமையல் போட்டியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு மந்தைவெளியில். ஷூட்டிங் கிண்டி தொழிற்பேட்டைக்குள் ஒரு பழைய ஷெட்டில். வெளியே இருந்து பார்த்தால் நட்டு, போல்ட் செய்கிற கம்பெனி மாதிரி இருக்கும். உள்ளே வரிசையாக அடுப்புகள், பிளாஸ்டிக் பூக்கள், கண்ணைக் கூச வைக்கிற விளக்குகள்.

போட்டியாளர்களைக் கவனித்துக்கொள்வது என் பொறுப்பு. சாப்பிட்டார்களா, வீட்டுக்குப் பேசினார்களா என்று பார்ப்பேன். கூடவே, அவர்கள் வாழ்க்கையில் காட்டுவதற்கு என்ன கதை இருக்கிறது என்றும் தேடித் தர வேண்டும். இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆளிடம் கொடுத்தது தப்பு என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது.

அதற்கு முந்தின சீசனில் ஒருவர் செட்டிலேயே மயங்கி விழுந்து பிரச்னையாகிவிட்டது. அதனால் இந்த முறை எல்லோரிடமும் ஒரு படிவம் வாங்கினோம். உடம்புக்கு என்ன, மனசுக்கு என்ன, எதைப் பற்றி உங்களிடம் பேசக் கூடாது என்றெல்லாம் கேள்விகள். போட்டியாளர்களைப் பாதுகாக்கத்தான் அந்தப் படிவம். அதைத் தயார் செய்ததே நான்தான்.

பட்டினப்பாக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார். நாற்பது வயசு இருக்கும். அடையாறில் ஒரு மார்க்கெட் ஓரமாக உட்கார்ந்து மீன் விற்பவர். அவர் சிரித்தால் ஷெட்டின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். நடுவர்களையே கிண்டல் பண்ணுவார். செட்டில் அவரைப் பிடிக்காதவர்களே கிடையாது.

"என் எழுத்து கோழி கிளறின மாதிரி கீதும்மா, நீயே எழுதிக்க" என்று படிவத்தை என்னிடமே கொடுத்தார். எதைப் பற்றிப் பேசக் கூடாது என்ற கடைசிக் கேள்வி வந்ததும் படிவத்தை எட்டிப் பார்த்தார்.

"இத்த யார் யார் பாப்பாங்கோ?"

"நானும் செட் டாக்டரும் மட்டும்தான்க்கா."

அதற்குப் பிறகுதான் சொன்னார். முதலில் ஒரு பெண் குழந்தை பிறந்ததாம். பதினோரு மாசத்தில் காய்ச்சல் வந்து இறந்துவிட்டது. அதன் பிறகு பல மாசம் அவர் தன் நினைவிலேயே இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் வைத்துப் பார்த்தார்கள். ரொம்ப நாள் மாத்திரை சாப்பிட்டார். அப்புறம் பிறந்த இரண்டு பையன்களுக்கும் இது எதுவும் தெரியாது. மார்க்கெட்டிலும் யாருக்கும் தெரியாது.

"அத்த மட்டும் கேக்காதம்மா. அத்த தொட்டா நான் நானா இருக்க மாட்டேன்."

எழுதி, சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டேன்.

ஒரு மாசம் போனது. நிகழ்ச்சியைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. வாராந்திர மீட்டிங்கில் எங்கள் தயாரிப்பாளர், "அந்த மீன்கார அம்மாகிட்ட சிரிப்பைத் தவிர வேற எதுவுமே இல்லையா?" என்று கேட்டார். என்னைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை, பொதுவாகத்தான் கேட்டார். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அடுத்த சீசனில் பெரிய இடம் கிடைக்கும் என்ற ஆசை எனக்கு. "இருக்கு சார்" என்று சொன்னது என் வாய்தான்.

அடுத்த வாரம் 'நினைவுப் பெட்டி' என்று ஒரு சுற்று. ஒவ்வொருவருக்கும் அவர்கள் வீட்டிலிருந்து ஒரு பொருளை ரகசியமாக வாங்கி வந்து பெட்டியில் வைப்போம். அதைத் திறந்து பார்த்து, அந்த நினைவில் ஒரு பதார்த்தம் சமைக்க வேண்டும். ஒருவருக்கு அம்மாவின் மத்து. இன்னொருவருக்கு ஸ்கூலுக்குக் கொண்டுபோன டிபன் பாக்ஸ்.

அந்த அக்கா செட்டில் இருந்த நேரமாகப் பார்த்து நான் பட்டினப்பாக்கம் போனேன். அவர் வீட்டுக்காரர் கடலுக்குப் போய் வந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். "அக்காவுக்கு மனசுல பாரம் இருக்குண்ணா. ஒரு தடவை எல்லார் முன்னாடியும் அழுதுட்டா லேசாயிடும். எங்க டாக்டரே சொன்னாரு" என்றேன். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அந்த மனுஷன் வலையைக் கீழே வைத்தார். உள்ளே போய் பீரோவிலிருந்து ஒரு துணிப்பொட்டலம் எடுத்து வந்தார். அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானத்துக்குப் போட்ட வெள்ளை கவுன்.

"அவளுக்கு நல்லதுன்னா எடுத்துக்கினு போம்மா" என்றார்.

ஷூட்டிங் அன்றைக்குக் காலையில் அக்கா வழக்கம் போல எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். உடனே மூடிவிட்டார். நாங்கள் எதிர்பார்த்த மாதிரி அழவில்லை. மெதுவாகச் சமையல் மேடைக்குப் பின்னால் அப்படியே தரையில் உட்கார்ந்தார். சேலையில் குத்தியிருந்த சின்ன மைக்கைக் கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டார். கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து உதடு அசைந்தது. 'நிறுத்தச் சொல்லும்மா.'

என் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் தயாரிப்பாளர் குரல். "யாரும் நிறுத்தாதீங்க. மைக்ல சத்தமே வரலை, நீ போய் அவங்க கையை எடுத்துவிடு."

நான் போனேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டு அணைத்துக்கொண்டேன். இன்னொரு கையால் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மைக்கிலிருந்து விலக்கினேன். மீன் அறுத்து அறுத்துக் காய்த்துப்போன விரல்கள். அவருக்கு இருந்த பலத்துக்கு என்னைத் தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளவில்லை.

"ஒரு நிமிஷம்க்கா, முடிஞ்சிடும்" என்றேன்.

"உன்னாண்ட மட்டும்தானேம்மா சொன்னேன்" என்றார்.

அப்புறம் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. செட் டாக்டர் ஓடி வந்தார். கத்தி வெட்டு, எண்ணெய் தெறித்த காயம் இதற்கெல்லாம் வைத்திருந்த டாக்டர். பிரஷர் பார்த்து, தண்ணீர் கொடுத்து, ஓய்வெடுக்கச் சொன்னார். அந்தப் படிவத்தை அவர் கண்ணில் யாரும் காட்டியதே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அக்கா அந்த கவுனை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வரவில்லை.

அந்த எபிசோடு ஒளிபரப்பானது. அவர் என்னிடம் சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் வெட்டிவிட்டார்கள். மீதி எல்லாம் பின்னணி இசையோடு வந்தது. அவருடைய ஆஸ்பத்திரிக் கதையைத் தொகுப்பாளர் உருக்கமாகச் சொன்னார். டிவியில் பார்த்தால், உடைந்து போன ஒரு பெண்ணை நான் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டு தேற்றுகிற மாதிரி இருந்தது.

எங்கள் அபார்ட்மென்டில் லிஃப்டில் பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். மேல் வீட்டு மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு நல்ல மனசுடி உனக்கு! பார்த்துண்டே இருந்தேன், அழுகையே வந்துடுத்து" என்றார். நான் "தேங்க்ஸ் மாமி" என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மூன்று வாரம் கழித்து, மனசு கேட்காமல் அடையாறு மார்க்கெட்டுக்குப் போனேன். அவர் இடத்தில் வேறொரு அம்மா உட்கார்ந்திருந்தார். "அது இப்போல்லாம் வர்றதில்ல. வர்றவங்கல்லாம் மீன் வாங்காம பைத்தியாஸ்பத்திரில இருந்தியாமேன்னு விசாரிச்சுக்கினு இருந்தா எப்டி உக்காரும்?" என்றார்.

அங்கிருந்து நேராகப் பட்டினப்பாக்கம் போனேன். வீட்டுக்காரர் வாசலில் இருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "நான்தானம்மா எடுத்துக் குடுத்தேன். அன்னிலேந்து என்னாண்ட ஒரு வார்த்த பேசல. மறுபடி மாத்திர போட்டுக்கினு கீது" என்று தலையைக் குனிந்துகொண்டார். அவர் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டிருந்தார்.

வாசலில் நின்றபடியே, உள்ளே இருக்கும் அக்காவுக்குக் கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னதாக நான் பொய் சொன்னதை, படிவத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது நான்தான் என்பதை, அண்ணன் மேல் தப்பே இல்லை என்பதை. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன். அங்கே நின்று அழுகிற உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

அக்கா வெளியே வந்தார். பாதியாக இளைத்திருந்தார்.

"இத்த எங்களாண்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? என் பெரிய பையன் ஸ்கூல்ல அந்த வீடியோவ போட்டுப் போட்டுக் காட்றானுங்கோ. அத்த எடுக்கச் சொல்லு. அங்க போய் சொல்லு."

குரலில் கோபம்கூட இல்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் ஆபீசில் கேட்டேன். "கையெழுத்துப் போட்டுத்தானே வந்தாங்க" என்றார் தயாரிப்பாளர். மூன்று முறை கேட்டேன். கடைசியில், ரகசியமாக வைப்போம் என்று சொல்லி வாங்கிய படிவத்தை எப்படிப் பயன்படுத்தினோம் என்பதை, என் பங்கையும் சேர்த்து, எழுதிக் கையெழுத்துப் போட்டு சேனலின் மேலிடத்துக்குக் கொடுத்தேன். பயந்தார்களோ என்னவோ, ஒரு வாரத்தில் அந்த வீடியோவை நீக்கினார்கள். என்னையும் நீக்கினார்கள். இதில் தியாகம் எதுவும் இல்லை. அதற்குள் யார் யாரோ அதை இறக்கிப் பரப்பிவிட்டிருந்தார்கள். இப்போதும் தேடினால் எங்காவது ஒரு மூலையில் அது கிடைக்கும்.

இப்போது நான் தி.நகரில் ஒரு துணிக்கடையில் விளம்பரப் பிரிவில் இருக்கிறேன். போன மாசம் பஸ்ஸில் அடையாறைக் கடந்தபோது, சிக்னலில் பஸ் நின்ற நேரத்தில் அந்த அக்காவைப் பார்த்தேன். பழைய இடத்திலேயே உட்கார்ந்து மீனுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் வீட்டுக்காரர் குடையைக் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா ஏதோ சொல்லி அதட்டினார், அவர் சரி சரி என்று தலையாட்டினார். இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. இறங்கிப் போய்ப் பேச மனசு துடித்தது. என் முகத்தைப் பார்த்தால் அவருடைய அந்தக் காலைப் பொழுது என்னவாகும் என்று யோசித்தேன். இறங்கவில்லை.

மேலே இருந்தவர்கள் சொன்னதைத்தான் செய்தேன் என்று ஒரு காலத்தில் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன், அது நிற்கவில்லை. யாராவது என்னை நம்பி மனசு விட்டுப் பேச ஆரம்பித்தால், அதைக் கேட்கிற தகுதி எனக்கு இருக்கிறதா என்ற வெட்கம்தான் இன்றும் எனக்கு முதலில் வருகிறது.