ஏழாம் நம்பர் இறாலின் வலது பக்கம்

வாகிமோதோ ஃபுமியேவுக்கு அறுபத்தைந்து வயது. அதில் முப்பத்தெட்டு வருடம் ஒரே ஒரு இறால் வகையோடு போயிற்று. ஒரு கொடுக்கு சிறுத்தும் மற்றது பருத்தும் இருக்கும் இறால் அது. பெரிய கொடுக்கைச் சொடுக்கினால் தொட்டி அறைக்கு வெளியே கேட்கும். அதன் நரம்புகளைப் பற்றி நாற்பத்தொரு கட்டுரை எழுதினார். நாற்பதைப் படித்தவரை ஆள் வைத்துத்தான் தேட வேண்டும். ஒன்று மட்டும் உலகமெல்லாம் போனது. பெரிய கொடுக்கை ஆட்டும் தடித்த நரம்பு செல் அந்தக் கொடுக்கின் பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம் இருக்கிறது என்று சொன்ன கட்டுரை. அறுநூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளில் அதை மேற்கோள் காட்டியிருந்தார்கள்.

மார்ச்சில் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு. அதற்கு முன் கடைசி விரிவுரை; அவரை 'சென்செய்', அதாவது ஆசிரியரே, என்று கூப்பிடும் பழைய மாணவர்கள் பூங்கொத்தோடு வருவார்கள். ஓய்வுக்குப் பிறகும் தொட்டி அறையில் ஒரு மூலை கிடைக்குமா என்பதுதான் ஃபுமியேவின் ஒரே கவலை. அதை முடிவு செய்ய ஒரு குழு இருந்தது. அந்தக் குழுவுக்கு இறால் தெரியாது, நரம்பு தெரியாது, மேற்கோள் எண்ணிக்கை தெரியும்.

விரிவுரையில் காட்ட அசல் படம் வேண்டுமென்று பழைய நோட்டை எடுத்தார். ஏழாம் நம்பர் இறால். உயிரோடு இருந்தபோது எழுதிய குறிப்பு: "பெரிய கொடுக்கு வலது. வலது மூன்றாம் கால் இல்லை." கீழே, அறுத்தபின் வரைந்த படம். கால் இல்லாத குழியின் மேல் அவருடைய இளவயதுக் கையெழுத்தில், அழுத்தமாக, "இடது".

எழுந்து போய்த் தேநீர் போட்டார். திரும்பி வந்தபோதும் அது இடதாகத்தான் இருந்தது.

இறாலின் நரம்புக் கயிறு வயிற்றுப் பக்கம் ஓடுகிறது. அதனால் மல்லாக்கக் கிடத்தி, ஊசி குத்தித்தான் அறுக்க வேண்டும். மல்லாந்ததும் இடது வலது மாறிவிடும். கொடுக்குகளை முதலிலேயே வெட்டிவிடுவதால் பார்த்துத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. கண்ணுக்குத் தெரிந்தபடியே பத்து இறால்களுக்கும் பக்கம் குறித்திருந்தார்; கொடுக்கின் பக்கமே இருந்த செல் படத்தில் எதிர்ப்பக்கம் போய்விட்டது. அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்களில் ஒருவரும் சொந்தமாக ஓர் இறாலை மல்லாத்திப் பார்க்கவில்லை.

வேறொருவர் பார்த்திருந்தார். பதினாறு வருடத்துக்கு முன், ஹிகாகி என்ற இளம் ஆய்வாளர், செல் கொடுக்கின் பக்கமே இருக்கிறது என்று கட்டுரை எழுதினார். வெளியிடலாமா என்ற மதிப்பீட்டுக்கு அது ஃபுமியேவிடம்தான் வந்தது. "கட்டுரையாளருக்கு இடது வலது குழம்பியிருக்கிறது. அறுவைப் பயிற்சி தேவை" என்று பெயர் போடாமல் எழுதி அனுப்பினார். கட்டுரை திரும்பிப் போயிற்று. தன் பல்கலைக்கழகத்தின் உள் இதழில் அதைப் போட்டுவிட்டு, ஹிகாகி உவாஜிமா என்ற ஊரில் பள்ளி ஆசிரியராகப் போய்விட்டார். அதை மேற்கோள் காட்டியவர் பூஜ்யம்.

ஃபுமியே விஷயத்தைச் சொன்னதும் துறைத் தலைவர் இச்சிமோரி தலையில் கை வைத்தார். "சென்செய், இப்ப எதுக்கு? விரிவுரை முடியட்டும், குழு கூடட்டும். அப்புறமா ஒரு திருத்தம் போட்டுக்கலாம். யாரு கேக்கப் போறா?"

"இத்தனை வருஷமா யாருமே கேக்கலையே. அதான் பிரச்சனை."

"அந்த நம்பர் போச்சுன்னா தொட்டி அறையும் போச்சு. ரெண்டு நாள் யோசிங்க."

யோசித்தார். முதல் நாள், விரிவுரைக்கு வேறு படம்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டார். அந்த மூலை அவருக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் ஹிகாகிக்கு அழைப்பிதழ் அனுப்பினார்.

விரிவுரையில் ஏழாம் நம்பர் படத்தைத் திரையில் போட்டார். "இந்தப் படத்துல இடது வலது மாறியிருக்கு. தப்பு என்னோடது. சரியா சொன்னவர் ஹிகாகி. அவர் கட்டுரைய வரவிடாம எழுதினதும் நான்தான்." அரங்கில் யாரோ இருமினார்கள். இச்சிமோரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூங்கொத்து வரிசையின் கடைசியில் ஹிகாகி வெறுங்கையோடு வந்தார். முடி கொட்டியிருந்தது.

"எழுதினது நீங்கதான்னு அன்னைக்கே தெரியும் சென்செய். எல்லாரையும் பயிற்சி எடுக்கச் சொல்றவங்க நம்ம துறையில நீங்க ஒருத்தர்தானே."

"தெரிஞ்சும் ஏன் சண்டை போடல?"

"நம்பிட்டேனே. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு. பதினாறு வருஷமா எனக்குத்தான் இடது வலது தெரியாதுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

திட்டு வாங்கத் தயாராகத்தான் ஃபுமியே வந்திருந்தார். இதற்குத் தயாராக இல்லை. பூக்களோடு குனிந்து வணங்கியவர் வெகுநேரம் நிமிரவில்லை.

மூலை கிடைக்கவில்லை. தொட்டிகளை வேறு துறைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜூனில், ஒரே பக்கத்தில், திருத்தம் வெளிவந்தது. அடியில் இரண்டே மேற்கோள்கள்: அவருடைய பழைய கட்டுரை, ஹிகாகியின் கட்டுரை. வீட்டுக் கணினியில் எண்ணிக்கையைப் பார்த்தார். தப்பான கட்டுரைக்கு இன்னொன்று கூடி அறுநூற்றுப் பதின்மூன்று ஆகியிருந்தது. சிரிப்பு வந்தது. பிறகு ஹிகாகியின் பெயரைத் தட்டினார். பூஜ்யம் இருந்த இடத்தில் ஒன்று என்று இருந்தது. அந்த ஒன்றைப் பார்த்துத்தான் ஃபுமியே அழுதார்.