இரண்டு நாடு, ஒரு ரூம்

திருப்பதி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் நான் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மதியம் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். மனைவிக்குக் கடும் காய்ச்சல். நிற்க முடியாமல் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வெளிநாட்டாருக்குத் தனி ஃபாரம் எழுதி போலீசுக்கு அனுப்ப வேண்டும். எந்த நாடு என்று கேட்டேன். அவன் செக் என்றான், அவள் ஸ்லோவாக் என்றாள். ஒரே நாடாக இருந்தது அப்போதுதான் இரண்டாகப் பிரிந்திருந்ததாம்.

பக்கத்து ஊரான புத்தூரைத் தாண்டிப் போகாத எங்கள் மேனேஜருக்கு உலகமே அத்துப்படி. "வேற வேற நாடுன்னா ரெண்டும் தனித்தனி ஆளுய்யா. தனி ஆளுக்கு நாம ரூம் தர்றதில்லயே," என்றார். தனியாக வருகிறவர்கள் அறையில் ஏதாவது செய்துகொள்வார்கள் என்று பயந்து இங்கே லாட்ஜ்காரர்கள் வைத்திருக்கும் வழக்கம் அது.

"புருஷன் பொண்டாட்டி சார்," என்றேன்.

"நாடே பிரிஞ்சிட்ச்சி. இதுங்க எத்தினி நாளு சேந்திருக்கும்?"

தன் நகைச்சுவைக்குத் தானே வயிறு குலுங்கச் சிரித்தார்.

இரண்டு பாஸ்போர்ட்டிலும் பழைய நாட்டின் பெயர்தான் இருந்தது. அதைப் பார்த்து எழுதினால் அவள் ஃபேனுக்கடியில் படுத்திருப்பாள். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் அவளைத் தாங்கிக்கொண்டு வெயிலில் இறங்கினான்.

"ஒரு தலவலி போச்சி, பாத்தியா?" என்றார் மேனேஜர்.

"ஆமா சார்," என்றேன். அந்த மடையன் மேல் எனக்கு இருப்பது வெறும் இளக்காரம்தான். என்னுடைய அந்த "ஆமா சார்" மேல்தான் அருவருப்பு.